128 உடல்கள், 3 துப்பாக்கிகள்: மை லாய் வழக்கில் பொறுப்பு எங்கே நின்றது?

1968 மார்ச் 16, சனிக்கிழமை. தென் வியட்நாமின் குவாங் ங்காய் மாகாணத்தில், மை லாய் என்ற குடியிருப்பில் அன்று நடந்த ஓர் அமெரிக்க ராணுவ நடவடிக்கை பற்றி மேலிடத்துக்கு அறிக்கை போனது. அதில் கவனிக்க வேண்டிய எண்கள் இரண்டு. கொல்லப்பட்ட எதிரிகள் 128 பேர். கைப்பற்றிய ஆயுதங்கள் 3.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 128 கெரில்லாக்கள் செத்துக் கிடக்கிறார்கள், அத்தனை பேரிடமும் சேர்த்து மூன்றே மூன்று ஆயுதம். ராணுவத்தில் ஆறு மாதம் இருந்தவனுக்குக்கூட இந்தக் கணக்கு இடிக்கும். மீதி 125 பேர் வெறுங்கையோடா சண்டைக்கு வந்தார்கள்? துப்பாக்கிகளைத் தோழர்கள் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். பத்து, இருபது துப்பாக்கி என்றால் நம்பலாம். 125 என்றால்?

அந்த எண்கள் பணிக்குழுத் தளபதி, பிரிகேட் தளபதி, டிவிஷன் தளபதி, சைகோன் தலைமையகம் என்று படி ஏறின. பத்திரிகையாளர்களுக்கும் அதே எண்களைத்தான் கொடுத்தார்கள். வியட்நாமில் அமெரிக்கப் படைகளின் தலைவராக இருந்த ஜெனரல் வெஸ்ட்மோர்லண்டிடமிருந்து பாராட்டுச் செய்தி வந்தது. கேள்வி மட்டும் எங்கிருந்தும் வரவில்லை.

போர்க்குற்றத்துக்கு நாடு பொறுப்பா, ராணுவம் பொறுப்பா, தனி ஆள் பொறுப்பா என்ற விவாதத்துக்கு நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பாயம் 1946-இல் ஒரு பதில் சொல்லியிருந்தது. குற்றம் செய்வது மனிதர்கள், அருவமான அமைப்புகள் அல்ல. அந்த மனிதர்களைத் தண்டித்தால்தான் சட்டத்துக்கு உயிர் இருக்கும் என்பது அதன் சாரம். அதைச் சொல்ல வைத்த நாடுகளில் முதன்மையானது அமெரிக்கா. 22 வருடம் கழித்து அதே நாட்டின் ராணுவம் அதே அளவுகோலின் முன் நின்றது. அதனால்தான் மை லாய் வழக்கை எடுத்துக்கொள்கிறேன். சுட்ட சிப்பாயிலிருந்து இரண்டு நட்சத்திர ஜெனரல் வரை, அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் யார் நின்றார், அவருக்கு என்ன தெரியும், அவர் என்ன செய்தார் என்பதெல்லாம் சத்தியப் பிரமாணத்தோடு பதிவான வழக்குகள் உலகத்தில் அதிகம் இல்லை.

அன்று காலை

அந்த நடவடிக்கையில் இறங்கிய அமெரிக்கப் படைப்பிரிவான சார்லி கம்பெனி 1967 டிசம்பரில் வியட்நாமுக்கு வந்தது. மூன்று மாதத்தில் பெரிய நேரடிச் சண்டை எதையும் பார்க்கவில்லை. ஆனால் கண்ணிவெடியிலும் பொறிவெடியிலும் 28 பேர் அடிபட்டார்கள், அதில் 5 பேர் இறந்தார்கள். சுட்டவன் முகமே தெரியாமல் நண்பன் கால் போகிறது. மார்ச் 14-ஆம் தேதி அவர்கள் மதித்த ஒரு சார்ஜென்ட்டும் வெடியில் செத்தார். மறுநாள் மாலை கம்பெனித் தளபதி கேப்டன் எர்னஸ்ட் மெடினா ஆட்களைக் கூட்டிப் பேசினார். சோன் மீ கிராமத்தில் வியட்காங் கெரில்லாக்களின் 48-ஆவது பட்டாலியன் இருக்கிறது; காலை ஏழு மணிக்குப் பொதுமக்கள் சந்தைக்குப் போய்விடுவார்கள்; மிச்சம் இருப்பது எதிரிதான். உளவுத் தகவல் இப்படி இருந்தது. பெண்களையும் குழந்தைகளையும் சுடலாமா என்று யாரோ கேட்டதாகவும், அதற்கு மெடினா என்ன பதில் சொன்னார் என்பதிலும் பின்னால் ஆளுக்கொரு சாட்சியம் வந்தது. அந்தப் பதில் இன்றுவரை தீராத வழக்கு.

காலை ஏழரை வாக்கில் ஹெலிகாப்டர்கள் சுமார் நூறு பேரை வயலில் இறக்கின. ராணுவ வரைபடத்தில் மை லாய் 4 என்று குறித்திருந்த குடியிருப்பு அது. எதிர்ச் சூடு இல்லை. 48-ஆவது பட்டாலியனும் இல்லை. இருந்தவர்கள் கிழவர்கள், பெண்கள், குழந்தைகள். பலர் காலைச் சாப்பாட்டு நேரத்தில். அடுத்த சில மணி நேரத்தில் அவர்களைக் குடிசை குடிசையாகவும், கூட்டமாக நிறுத்தியும், பாசன வாய்க்காலுக்குள் தள்ளியும் சுட்டார்கள். வல்லுறவும் நடந்தது. சார்லி கம்பெனியில் அன்று அடிபட்டவர் ஒரே ஒருவர், தன் காலில் தானே சுட்டுக்கொண்டவர். அமெரிக்க ராணுவத்தின் குற்றப் புலனாய்வு மை லாய் 4-இல் 347 சாவு என்று கணக்கிட்டது. அதே நாளில் மை கே என்ற பக்கத்துக் குடியிருப்பில் வேறொரு கம்பெனி கொன்றவர்களையும் சேர்த்து, வியட்நாமிய நினைவிடத்தில் 504 பெயர்கள் இருக்கின்றன.

எல்லோரும் சுடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில சிப்பாய்கள் உத்தரவை மறுத்தார்கள், சிலர் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்கள். மறுத்ததற்காக அங்கே எவனையும் யாரும் சுட்டுவிடவில்லை. சட்டப்படி இது பெரிய விஷயம். "வேறு வழி இல்லை" என்ற வாதம் எடுபடாமல் போவதற்கு அந்த மறுத்தவர்களே சாட்சி.

வாய்க்கால் கரையில் இரண்டு 24 வயதுக்காரர்கள்

அந்த நேரத்தில் மேலே சின்ன ரக ஹெலிகாப்டர் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் வாரன்ட் ஆபீசர் ஹியூ தாம்சன். கூட இருந்தவர்கள் கிளென் ஆன்ட்ரியோட்டா, 18 வயது லாரன்ஸ் கோல்பர்ன். எதிரி எங்கிருந்து சுடுகிறான் என்று தாழப் பறந்து பார்ப்பது இவர்கள் வேலை. எதிரியே தென்படவில்லை; உடல்கள்தான் தெரிந்தன. காயத்தோடு கிடந்தவர்களுக்குத் தரைப்படை உதவட்டும் என்று பச்சைப் புகைக் குண்டு போட்டு அடையாளம் காட்டினார்கள். அப்படி அடையாளம் காட்டிய ஒரு பெண்ணின் அருகே ஒரு கேப்டன் போனார், காலால் தட்டிப் பார்த்தார், சுட்டார். அவர் மெடினா. அவள் கையில் கையெறி குண்டு இருப்பதாக நினைத்தேன் என்று பின்னால் சொன்னார்.

வாய்க்காலில் உடல்கள் குவிந்திருப்பதையும் அதில் சில அசைவதையும் பார்த்துத் தாம்சன் இறங்கினார். இவர்களுக்கு உதவ முடியாதா என்று கேட்டார். கரையில் நின்றவர், கம்பெனியின் உட்பிரிவுகளில் ஒன்றான முதலாம் பிளாட்டூனின் லெப்டினன்ட் வில்லியம் கால்லி. இங்கே நடப்பது என் பொறுப்பு, உன் வேலையைப் பார் என்ற ரீதியில் பதில் வந்தது. கால்லி பதவியில் மேலே. தாம்சன் திரும்பி ஏறினார். ஹெலிகாப்டர் எழும்புகிறபோதே கீழே மறுபடி சுடும் சத்தம்.

இருவரும் 1943-இல் பிறந்தவர்கள். அன்று இருவருக்கும் வயது 24. ஒரே ராணுவம், ஒரே சீருடை, ஒரே வாய்க்கால். ஒரு சராசரி அறிவுள்ள ஆளுக்கு இது சட்டவிரோதம் என்று தெரிந்திருக்குமா என்ற கேள்வியை வைத்து நீதிமன்றங்கள் பின்னால் பக்கம் பக்கமாக எழுதின. எனக்கு அந்தக் கரையே போதுமான விடை.

சிறிது நேரத்தில், பதுங்குகுழி ஒன்றில் ஒளிந்திருந்த கிராமத்தாரை நோக்கி வேறொரு பிளாட்டூன் நெருங்குவதைத் தாம்சன் பார்த்தார். இந்த முறை இரண்டுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். அங்கிருந்த லெப்டினன்ட்டிடம் இவர்களை வெளியே கொண்டுவர உதவுங்கள் என்றார். கையெறி குண்டுதான் வழி என்று அவர் சொல்ல, உங்கள் ஆட்களை அங்கேயே நிறுத்துங்கள், நானே கூட்டிவருகிறேன் என்று தாம்சன் நடந்தார். நடப்பதற்கு முன் தன் இரு வீரர்களிடம் சொன்னது: நம் ஆட்கள் இந்த மக்களை நோக்கிச் சுட்டால், நீங்கள் நம் ஆட்களைச் சுடுங்கள். அவருடைய ஹெலிகாப்டரில் அத்தனை பேருக்கும் இடம் கிடையாது. துணைக்கு வந்த பெரிய ஹெலிகாப்டர்களை இறங்கச் சொல்லி, இரண்டு நடையாக அனுப்பி வைத்தார். அப்புறம் மறுபடி வாய்க்காலுக்குப் போனார்கள். ஆன்ட்ரியோட்டா இடுப்பளவு பிணக்குவியலுக்குள் இறங்கி, உயிரோடு இருந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று வாரத்தில் அவரும் போரில் இறந்தார்.

தளத்துக்குத் திரும்பிய தாம்சன் கோபத்தோடு மேலதிகாரியிடம் புகார் சொன்னார். அது பணிக்குழுத் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஃபிராங்க் பார்க்கருக்குப் போனது. பார்க்கர் வயர்லெஸ்ஸில் மெடினாவுக்குச் சொல்ல, கொலை நின்றது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வயர்லெஸ் செய்தியில் நிறுத்த முடிந்தது.

முழுப் பூசணிக்காய்

சோற்றில் மறைத்த விதத்தை இனிப் பார்ப்போம். எனக்கு இந்த வழக்கில் அதிகம் உறுத்துவது இந்தப் பகுதிதான்.

அன்று பிற்பகல், திரும்பிப் போய்ச் செத்தவர்களில் பொதுமக்கள் எத்தனை பேர் என்று எண்ணி வா என மெடினாவுக்கு உத்தரவு போனது. மெடினா தயங்கினார். வயர்லெஸ்ஸில் இதைக் கேட்டுக்கொண்டிருந்த டிவிஷன் தளபதி மேஜர் ஜெனரல் சாமுவேல் கோஸ்டர் இடையில் நுழைந்து, எத்தனை பேர் என்று கேட்டார். இருபதுக்கு மேல், முப்பதுக்குள் ஓர் எண்ணை மெடினா சொன்னார். சரி, திரும்பிப் போக வேண்டாம் என்று கோஸ்டர் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டார். எண்ணிப் பார்க்கும் கடைசி வாய்ப்பு அதோடு போனது. ஒரு தளபதி கொல்லச் சொன்னார் என்பதற்கு இது சாட்சியம் அல்ல. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று முடிவெடுத்தார் என்பதற்குச் சாட்சியம்.

பிரிகேட் தளபதி கர்னல் ஓரன் ஹென்டர்சன் விசாரணை நடத்தினார். தாம்சன் நேரில் பார்த்ததைச் சொன்னார். ஹென்டர்சன் சார்லி கம்பெனி ஆட்களைக் கூட்டமாக நிறுத்தி, ஏதாவது தப்பு நடந்ததா என்று பொதுவாகக் கேட்டார். கூட்டத்தில் நிற்கிற எவன் பேசுவான்? ஏப்ரலில் அவர் எழுதிய அறிக்கை, 20 பொதுமக்கள் பீரங்கிச் சூட்டிலும் இருதரப்புச் சூட்டுக்கு நடுவில் சிக்கியும் தவறுதலாக இறந்தார்கள் என்றது. ஏறத்தாழ 500 பேர் கொல்லப்பட்டதாகக் கிராமத் தரப்பிலிருந்து உள்ளூர் அதிகாரிகள் வழியாக வந்த புகார் வியட்காங் பிரசாரம் என்று ஒதுக்கப்பட்டது. பார்க்கர் தன் அறிக்கையில் நடவடிக்கையை நன்கு திட்டமிட்டு நன்கு நிறைவேற்றியது என்று எழுதினார். அவர் ஜூன் மாதம் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்ததால் எந்த நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல நேரவில்லை.

தாம்சனுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். கடும் இருதரப்புச் சூட்டுக்கு நடுவிலிருந்து குழந்தையைக் காப்பாற்றியதாகச் சான்றிதழில் எழுதியிருந்தது. அப்படி ஒரு சூடே நடக்கவில்லை. அவர் அதைத் தூக்கி எறிந்தார். புகார் சொன்னவனின் வாயைப் பதக்கத்தால் அடைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

உண்மையை வெளியே கொண்டுவந்தவர் அன்று அந்த ஊரிலேயே இல்லாத ஒரு சிப்பாய். ரொனால்ட் ரைடன்ஹவர் என்பவர் நண்பர்களிடம் கேள்விப்பட்டதை ஒவ்வொன்றாகச் சேகரித்து, ஊர் திரும்பியதும் 1969 மார்ச் 29 தேதியிட்ட கடிதமாக ஜனாதிபதி, ராணுவத் தலைமை, நாடாளுமன்ற உறுப்பினர்கள் என்று ஏறத்தாழ முப்பது பேருக்கு அனுப்பினார். பெரும்பாலானோர் பொருட்படுத்தவில்லை. ஒன்றிரண்டு பேர் பொருட்படுத்தினார்கள், விசாரணை தொடங்கியது. நவம்பரில் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் செய்தியை உடைத்தார். ராணுவப் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லி தன் சொந்த கேமராவில் எடுத்திருந்த வண்ணப் படங்கள் அதே மாதம் அச்சில் வந்தன. அதன் பிறகு 128 என்ற எண்ணை யாராலும் காப்பாற்ற முடியவில்லை.

அம்பும் எய்தவனும்

கால்லி மீதான விசாரணை 1970 நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் பென்னிங்கில் தொடங்கியது. ஆறு ராணுவ அதிகாரிகள் நடுவர்கள். அதில் பெரும்பாலோர் வியட்நாமில் பணி செய்தவர்கள். போர் என்றால் என்ன என்று தெரியாத ஆட்கள் தீர்ப்புச் சொன்னார்கள் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

கால்லியின் வாதம் எளிமையானது. மெடினா சொன்னார், செய்தேன். மெடினா சாட்சிக் கூண்டில் ஏறி, அப்படிச் சொல்லவில்லை என்றார். நீதிபதி நடுவர்களுக்குக் கொடுத்த சட்ட விளக்கம் இதுதான்: உத்தரவு இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், சராசரி அறிவும் புரிதலும் உள்ள ஒருவனுக்கு அந்தச் சூழலில் அது சட்டவிரோதம் என்று தெரிந்திருக்கும் என்றால் அந்த உத்தரவு கேடயம் ஆகாது. 13 நாளில் 79 மணி நேரம் ஆலோசித்து, 1971 மார்ச் 29-இல் குறைந்தது 22 பேரைக் கொன்ற குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை. பின்னால் மேல்முறையீட்டிலும் அந்தச் சராசரி அறிவு அளவுகோல் நிலைத்தது. ஒரு நீதிபதி மட்டும், மந்தபுத்தி உள்ள சிப்பாயையும் மனதில் வைத்து அளவுகோலைத் தளர்த்த வேண்டும் என்று மாறுபட்டார். அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கைக்குழந்தையைச் சுடுவது தப்பு என்று தெரிவதற்கு எவ்வளவு புத்தி வேண்டும்?

தீர்ப்புக்கு எதிராக நாடே கொந்தளித்தது. வெள்ளை மாளிகைக்குத் தந்திகள் குவிந்தன. ஜார்ஜியா ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர், வண்டிகளை விளக்கு எரியவிட்டு ஓட்டுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று நம்மூரில் சொல்வோமே, கிட்டத்தட்ட அதே உணர்வு. போரை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் இதில் ஒன்றானார்கள். ஒரு சாரார், மேலே இருப்பவர்களைப் பிடி என்றார்கள். இன்னொரு சாரார், எவனையும் பிடிக்காதே என்றார்கள். இரண்டு கோஷமும் வெளியே கேட்க ஒன்றுபோலவே இருந்தது, அதுதான் சிக்கல். பலன் என்னவோ இரண்டாவது சாராருக்கே போனது.

ஜனாதிபதி நிக்சன் மூன்றே நாளில் கால்லியைச் சிறையிலிருந்து அவருடைய குடியிருப்புக்கு, வீட்டுக்காவலுக்கு மாற்றச் சொன்னார். அரசுத் தரப்பு வழக்கறிஞராக வாதாடிய இளம் கேப்டன் ஆப்ரி டேனியல், நடுவர்களின் தீர்ப்பை அரசியலுக்காகக் கீழிறக்குகிறீர்கள் என்று ஜனாதிபதிக்கே கடிதம் எழுதினார். ஆயுள் 20 வருடமானது, 20 பத்தானது. 1974 நவம்பரில் கால்லி வெளியே வந்துவிட்டார். ஏறத்தாழ மூன்றரை வருடம், அதிலும் பெரும்பகுதி வீட்டுக்காவல். இத்தனைக்கும் அந்தக் கொலைகளுக்காகத் தண்டனை பெற்ற ஒரே ஆள் அவர்தான்.

இலங்கையின் மிருசுவில் ஞாபகம் வருகிறது. 2000 டிசம்பரில் குழந்தைகள் உட்பட எட்டுப் பேர் கொலை, 15 வருடம் கழித்து ஒரே ஒரு ராணுவ சார்ஜென்ட்டுக்கு மரண தண்டனை, 2019-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்கிறது, 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தபாய ராஜபக்ச மன்னிப்பு. நாடு வேறு, காலம் வேறு, படிக்கட்டு ஒன்றுதான்.

யமாஷிட்டாவுக்கு ஒரு சட்டம், மெடினாவுக்கு ஒரு சட்டம்

மெடினா வழக்கைப் புரிந்துகொள்ள 1945-க்குப் போக வேண்டும். பிலிப்பைன்ஸில் ஜப்பானியப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் தோமோயுகி யமாஷிட்டாவை அமெரிக்க ராணுவ ஆணையம் விசாரித்தது. மணிலாவில் ஜப்பானியப் படைகள் பொதுமக்களைப் பல்லாயிரக்கணக்கில் கொன்றிருந்தன. யமாஷிட்டா உத்தரவிட்டார் என்று நிரூபிக்க நேரடி ஆவணம் இல்லை. மலைப்பகுதிக்குப் பின்வாங்கியிருந்தேன், தொடர்பு அறுந்திருந்தது, மணிலாவில் இருந்தவர்கள் பெரும்பாலும் கடற்படை ஆட்கள் என்று அவர் தரப்பு வாதிட்டது. தீர்ப்புச் சொன்ன ஐந்து ஜெனரல்களில் ஒருவரும் வழக்கறிஞர் இல்லை. குற்றங்கள் இவ்வளவு பரவலாக நடந்திருக்கின்றன, உன் ஆட்களை நீ கட்டுப்படுத்தவில்லை, அது உன் குற்றம். முடிந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஆறுக்கு இரண்டு என்று தோற்று, 1946 பிப்ரவரி 23-இல் தூக்கிலிடப்பட்டார். மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி மர்ஃபி, இந்த விதி நாளை நம் ஜனாதிபதி மீதும் தளபதிகள் மீதும் திரும்பலாம் என்று எச்சரித்தார்.

25 வருடத்தில் திரும்பும் நாள் வந்தது. 1971 ஆகஸ்ட், செப்டம்பரில் மெடினா மீது விசாரணை. கிராமத்தின் விளிம்பில் வயர்லெஸ் கையில் வைத்துக்கொண்டு அன்று காலை முழுக்க அவர் இருந்தார். துப்பாக்கிச் சத்தம் கேட்டது, எதிர்ச் சூடு இல்லை. அவருக்குத் தெரியுமா? நீதிபதி நடுவர்களிடம் சொன்னது: அந்த நேரத்தில் தன் ஆட்கள் கொல்கிறார்கள் என்று மெடினாவுக்கு உண்மையாகவே தெரிந்திருந்தது என்று நிரூபணமாக வேண்டும். தெரிந்திருக்க வேண்டும் என்பது போதாது.

அமெரிக்க ராணுவத்தின் சொந்தக் கையேடு அப்படிச் சொல்லவில்லை. 1956-இல் வெளியான தரைப்போர்ச் சட்டக் கையேட்டின் 501-ஆவது பத்தி, தளபதிக்கு நேரடியாகத் தெரிந்திருந்தாலும் சரி, தனக்கு வந்த அறிக்கைகள் மூலமோ வேறு வழியிலோ தெரிந்திருக்க வேண்டும் என்றாலும் சரி, தடுக்கவோ தண்டிக்கவோ தவறினால் அவர் பொறுப்பு என்கிறது. வந்த அறிக்கைகள் மூலம். 128, 3 என்ற எண்களை வைத்துப் பேச அந்த ஒரு வரி போதும். அந்த வரி நடுவர்களிடம் போகவே இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எல்லாக் குற்றச்சாட்டிலிருந்தும் மெடினா விடுதலை.

இரண்டு வழக்கையும் அருகருகே வைத்தால், தோற்ற நாட்டின் தளபதிக்குத் தெரியாமல் இருந்ததே குற்றம். அன்று அவரை வென்ற நாட்டின் கேப்டனுக்கு, பக்கத்தில் நின்றும் தெரியவில்லை என்பதே விடுதலை. நியாயமாகப் பார்த்தால் இரண்டு தீர்ப்புமே தவறு என்பது என் கருத்து. யமாஷிட்டாவை, அவருக்கு என்ன தகவல் வந்தது என்று பார்க்காமல் தூக்கில் போட்டார்கள். மெடினாவை, அவருக்கு என்ன தகவல் வந்தது என்று பார்க்காமல் விட்டார்கள்.

ஒரு நட்சத்திரம்

மேலே போகப் போகக் கதை சுருங்குகிறது. லெப்டினன்ட் ஜெனரல் வில்லியம் பீயர்ஸ் தலைமையில் மூடிமறைப்பு பற்றிய விசாரணை நடந்தது. சுமார் 400 சாட்சிகள். ராணுவச் சட்டத்தில் சில குற்றங்களுக்கு இரண்டு வருடக் காலவரம்பு இருந்ததால், 1970 மார்ச் 16 வருவதற்குள் முடிக்கக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்கள்; மார்ச் 14-இல் அறிக்கை தயார். ஒளித்து வைத்த இரண்டு வருடமும் ஒளித்தவர்களுக்கே சாதகமாக ஓடியிருக்கிறது பாருங்கள். பீயர்ஸ் யாரையும் தப்பவிடவில்லை. ஏறத்தாழ 30 பேர், அதில் ஜெனரல்கள் உட்பட, தெரிந்தும் மறைத்தார்கள் அல்லது கடமை தவறினார்கள் என்று பெயர் பெயராக எழுதினார்.

மூடிமறைத்ததாக 14 அதிகாரிகள் மீது குற்றச்சாட்டு பதிவானது. அவர்களில் நீதிமன்றப் படி ஏறியவர் ஹென்டர்சன் ஒருவர் மட்டும். 1971 டிசம்பரில் அவரும் விடுதலை. மற்றவர்கள் மீதான குற்றச்சாட்டுகள் விசாரணைக்கு வராமலே கைவிடப்பட்டன. கோஸ்டர் அப்போது வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியின் தலைவர். அவர் மீதான குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது ராணுவத்தின் இன்னொரு ஜெனரல். பின்னர் நிர்வாக நடவடிக்கையாக ஒரு பதவி இறக்கினார்கள், ஒரு பதக்கத்தைப் பறித்தார்கள். இரண்டு நட்சத்திரம் ஒன்றானது. மேலே ஏறிய தண்டனையில் மிகப் பெரியது அந்த ஒற்றை நட்சத்திரம்.

கீழ்ப்படியிலும் பலர் தப்பினார்கள், காரணம் வேறு. 1955-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ராணுவத்தை விட்டு விலகிவிட்டவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. விவரம் வெளியே வருவதற்குள் சுட்டவர்களில் பலர் சீருடையைக் கழற்றிவிட்டார்கள். சிவில் நீதிமன்றத்துக்கு அயல்நாட்டில் நடந்த இந்தக் குற்றத்தை விசாரிக்கச் சட்டம் இல்லை. கால்லி மீதே, அவர் விலக வேண்டிய நாளுக்கு முந்தைய நாள்தான் குற்றச்சாட்டு பதிவு செய்தார்கள். நிறுத்தப்பட்ட இரண்டு சார்ஜென்ட்டுகளும் விடுதலை. இதற்கிடையில், நாடாளுமன்றக் குழு ஒன்றின் தலைவர் சொன்னது: இதில் தண்டிக்க வேண்டிய ஒரே ஆள் தாம்சன், சொந்த நாட்டுப் படை மீது துப்பாக்கியைத் திருப்பியவர் அவர்தானே. தாம்சனுக்கு ராணுவம் ஒழுங்கான கௌரவம் கொடுக்க 1998 வரை, 30 வருடம் ஆனது.

அதற்குப் பிறகு எழுதிய சட்டம்

1977-இல் ஜெனீவா ஒப்பந்தங்களுக்குச் சேர்த்த முதல் கூடுதல் நெறிமுறை, கீழ் ஆள் குற்றம் செய்கிறான் என்று முடிவுக்கு வரக்கூடிய தகவல் கையில் இருந்தும் தடுக்காத மேலதிகாரி பொறுப்பு என்றது. யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயம் செலேபிச்சி கைதி முகாம் வழக்கில் இதை நுணுக்கமாகப் பேசியது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998 ரோம் சாசனத்தின் 28-ஆவது பிரிவில் ராணுவத் தளபதிக்கு, தெரிந்திருந்தால் அல்லது அன்றைய சூழலில் தெரிந்திருக்க வேண்டியிருந்தால் என்ற அளவுகோல் இருக்கிறது. சிவில் தலைவர்களுக்குக் கொஞ்சம் தளர்வு: தெளிவாகக் காட்டும் தகவலை வேண்டுமென்றே புறக்கணித்திருக்க வேண்டும். பதவி யாரையும் காப்பாற்றாது என்பது 27-ஆவது பிரிவு. காலவரம்பு கிடையாது என்பது 29. உத்தரவு என்ற சாக்கு வெளிப்படையான சட்டவிரோதத்துக்கு எடுபடாது என்பது 33. மை லாயில் தப்பிய ஒவ்வொரு ஓட்டையையும் பார்த்துப் பார்த்து அடைத்தது போலத் தோன்றும். அமெரிக்கா அந்தச் சாசனத்தில் உறுப்பு நாடாகவில்லை.

ஓட்டை முழுக்க அடைபட்டும் விடவில்லை. காங்கோவின் கிளர்ச்சிப் படைத் தலைவர் ஜான்-பியர் பெம்பாவின் படை 2002, 2003-இல் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் கொலையும் வல்லுறவும் செய்தது. 2016-இல் தளபதி என்ற முறையில் அவருக்கு அந்தச் சர்வதேச நீதிமன்றத்தில் 18 வருடத் தண்டனை. 2018-இல் மேல்முறையீட்டில் மூன்றுக்கு இரண்டு என்று விடுதலை. படை அயல்நாட்டில், தளபதி தொலைவில். அங்கிருந்து அவர் எடுக்கக்கூடிய நடவடிக்கைகள் என்ன என்று கீழ் நீதிமன்றம் சரியாக எடை போடவில்லை என்றார்கள். கோஸ்டருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அன்று காலை அவர் அந்தக் கிராமத்துக்கு மேலே ஹெலிகாப்டரில் பறந்திருக்கிறார்.

28-ஆவது பிரிவில் வழக்கு நடத்துகிற ஒரு வழக்கறிஞர் இன்று எங்கே தொடங்குவார் என்று யோசித்துப் பார்த்தேன். யார் உத்தரவிட்டார் என்பதில் அல்ல. அதில் எப்போதும் ஆளுக்கொரு சாட்சியம்தான். அந்த மார்ச் 16 தாளை எடுத்து மேசையில் வைப்பார். இரண்டு எண்களையும் விரலால் தொட்டுக் காட்டுவார். ஜெனரல், இது உங்கள் கைக்கு எத்தனை மணிக்கு வந்தது?